ஆண்டுக்கு 46 ஆயிரம்: டிவிக்கா, நெட்டுக்கா, போனுக்கா?

எங்கள் வீட்டில் செலவைக் குறைக்க வேண்டும் என்று பேச்செடுத்தாலே முதலில் தலை உருள்வது கேபிளுக்குத்தான். "எல்லாம் போன்லயே வருது, எதுக்கு மாசம் 250 ரூபாய்?" என்று என் கணவர் ஆரம்பிப்பார். "எனக்கு ராத்திரி சன் டிவி வந்தா போதும்மா, வேற என்ன கேக்கறேன்?" என்று அத்தை முடித்துவைப்பார். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. போன மார்ச்சில் வருமான வரிக்காக வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்தேன். கையோடு கையாக டிவி, நெட், போன் என்று போன தொகைகளை மட்டும் பென்சிலால் சுழித்துக் கூட்டிப் பார்த்தேன். கேபிளைப் பற்றி இத்தனை நாள் நாங்கள் போட்ட சண்டை வீண் என்று அப்போதுதான் தெரிந்தது.

திருச்சி உறையூரில் மாமா, அத்தை, நாங்கள் இருவர், பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் என ஐந்து பேர் இருக்கிறோம். ஹாலில் ஒரு டிவி, மாடியில் ஒன்று. ஹால் டிவிக்குக் கேபிள், மாதம் 250, ஆண்டுக்கு 3,000. மாடி டிவிக்குத் தனியாக டிஷ், மாதம் 300, ஆண்டுக்கு 3,600. ஃபைபர் நெட் 100 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு), 799 ரூபாய் பிளான். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறினால் 943. ஆண்டுக்கு 11,300 சொச்சம். ஓடிடி மூன்று: ஆண்டுக்கு 1,499 வீதம் இரண்டு, நெட்ஃபிளிக்ஸ் மாதம் 199. இவற்றைக் கூட்டினால் 23,300.

மிச்சம் போன். ஆளுக்கொரு போன், ஒவ்வொன்றுக்கும் 349 ரூபாய் ரீசார்ஜ். அதை மாதம் 349 என்றே நான் மனதில் வைத்திருந்தேன். ஆனால் அது 28 நாள் பிளான். 28 நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். ஒரு போனுக்கு 4,537. ஐந்து போனுக்கு 22,685. மொத்தம் 46 ஆயிரத்தில் கிட்டத்தட்ட சரிபாதி.

வயிற்றெரிச்சல் தொகையில் மட்டும் இல்லை. ஐந்து பேரும் வீட்டுக்குள் நுழைந்ததும் போன் வைஃபையில் ஏறிக்கொள்கிறது. மாமாவும் அத்தையும் நாளில் 22 மணி நேரம் வீட்டில்தான். தினமும் ஆளுக்கு 2 ஜிபி வாங்கி, நள்ளிரவு 12 மணிக்கு அதைக் காலாவதியாக விட்டுக்கொண்டிருந்தோம். ஒரே சரக்கை ஃபைபரில் ஒருமுறை, சிம்மில் ஐந்து முறை வாங்கியிருக்கிறோம். அதனால் இந்த ஒப்பீட்டை எது மலிவு என்ற கேள்வியோடு நான் தொடங்கவில்லை. எதை இரண்டு முறை வாங்குகிறோம் என்றுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கேபிளா, டிஷ்ஷா, நெட்டோடு சேர்ந்த டிவியா

டிவியில் நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். டிடி ஃப்ரீ டிஷ், 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கியது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் சரி, மாதக் கட்டணம் கிடையாது. இந்தி பேசும் ஊர்களில் இது கோடிக்கணக்கான வீடுகளின் டிவி. நம் பக்கம் டிடி தமிழ் வரும் (பொதிகை என்றால்தான் அத்தைக்குப் புரியும், 2024 ஜனவரியில் பெயர் மாறியது). ஆனால் சீரியல் பார்க்கிற தமிழ் வீட்டுக்கு இது கதைக்கு ஆகாது. செய்தி போதும் என்பவர்களுக்கு யூடியூபே இருக்கிறது. பெரிய தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் அதில் இலவசமாக நேரலையில் ஓடுகின்றன.

கேபிளுக்கு வருவோம். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் திரும்ப வந்தபோது மாதம் 70 ரூபாய். அந்த எண் இன்னும் பலர் நெஞ்சில் நிற்பதால்தான் 250 கொடுக்கும்போது கை நடுங்குகிறது. 70க்கும் 250க்கும் நடுவே நடந்தது செட்டாப் பாக்ஸும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறையும். 2019 பிப்ரவரியிலிருந்து ரசீது இரண்டு துண்டானது. ஒன்று, சேனல்களைக் கொண்டுவந்து கொடுப்பதற்கான அடிப்படைக் கட்டணம். அப்போது உச்சவரம்பு 130 ரூபாய், வரியோடு 153. இரண்டாவது, கட்டணச் சேனல் ஒவ்வொன்றின் விலை. அன்று சன் டிவி 19, விஜய் 17, கேடிவி 19. மூன்றையும் சேர்த்தால் 55. அடிப்படைக் கட்டணமும் வரியும் போட்டால் 218. இலவசச் சேனல்கள் அந்த 130க்குள்ளேயே வந்துவிடும். 2020இல் அதே 130க்கு 100 சேனல் என்பது 200 ஆனது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள், இப்போது நிறுவனம் வைத்ததுதான் கட்டணம். ஆனால் சேனலைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுக்கும் உரிமை இன்றும் நமக்கு உண்டு.

உரிமை இருந்து என்ன, யாரும் பொறுக்குவதில்லை. கேபிள்காரர் ஒரு பேக்கைப் போட்டுவிடுகிறார், நாமும் விட்டுவிடுகிறோம். சில நேரம் அதில் தப்பும் இல்லை, மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டு. நான்கைந்து கட்டணச் சேனலைத் தாண்டினால் பேக்தான் மலிவு. இரண்டு மூன்று மட்டும் பார்க்கிற வீட்டுக்குத் தனித்தனியாக எடுப்பதுதான் மலிவு. இன்னொன்று, எச்டி சேனல் ஒன்றை இரண்டு சாதாரணச் சேனலாகக் கணக்கு வைக்கிறார்கள், விலையும் தனி. 32 அங்குல டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து சீரியல் பார்ப்பவருக்கு எச்டி எதற்கு? எங்கள் ஹாலில் எச்டியை நீக்கி ஆறு மாதமாகிறது, யாரும் கவனிக்கவில்லை. வெளியே சொல்லாதீர்கள்.

டிஷ் எங்கே நியாயமாகும் என்றால், கேபிள் வராத தோட்டத்து வீட்டில், கேபிள்காரரோடு ஒத்துவராத தெருவில். சேனல் விலை டிராய் முறையில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மழைக்கு டிஷ் ஒளிந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் "சிக்னல் இல்லை" என்று திரை நீலமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அது வேறொரு காரணத்துக்காக அடிபட்டது. ஒரே வீட்டில் இரண்டாவது டிவிக்குத் தனி இணைப்பாக முழுக் கட்டணம் கட்டியது நாங்கள் செய்த மடத்தனம். கேபிளோ டிஷ்ஷோ, இருக்கிற இணைப்பின் கீழேயே இரண்டாவது பாக்ஸ் கேட்டால் கட்டணம் குறைவாக வரும். 2020இல் டிராய், இரண்டாம் டிவிக்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றே சொன்னது. பிறகு வரம்புகள் தளர்ந்தாலும் கேட்டால் குறைக்கிறார்கள். நாங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. மாடி டிவியில் சேனல் பார்க்க ஆளே இல்லை. பையனுக்கு யூடியூப், எங்களுக்கு எப்போதாவது படம். டிஷ்ஷை ரீசார்ஜ் செய்யாமல் விட்டோம். ஒரு மாதம் கழித்து "டிஷ் போயிடுச்சா?" என்று மாமா மட்டும் கேட்டார்.

நான்காவது வழிதான் கேட்பதற்கு ரொம்ப அழகாக இருக்கும்: நெட்டோடு சேர்ந்து வருகிற டிவி. 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் (வீட்டுக்குக் கம்பி இழுக்காமல் அலைவழியே வரும் நெட்) வந்தபோது 599 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், 550க்கும் மேற்பட்ட சேனல், பத்துக்கும் மேல் ஓடிடி ஆப். ஏர்டெல்லும் நெட், டிஷ், போன் மூன்றையும் ஒரே பில்லில் கட்டித் தருகிறது. வரியோடு 599 என்பது 707. 399 ரூபாய் ஃபைபரைத் தனியாகப் போட்டால் வரியோடு 471, எங்கள் கேபிள் 250, ஆக 721. வித்தியாசம் மாதம் 14 ரூபாய். இத்தனை விளம்பரமும் ஒரு டீக் காசுக்குத்தானா என்று தோன்றியது.

அந்த 14 ரூபாய்க்காக என்னவெல்லாம் மாறும் என்று பார்த்தேன். முதலாவது, ஃபைபர் அறுந்தால் டிவியும் சேர்ந்தே போகும். கேபிள் தனியாக இருந்தால் நெட் போன நாளிலும் சீரியல் ஓடும். இரண்டாவது, ரிமோட். அத்தைக்கு சேனல் எண் மனப்பாடம், இருட்டில்கூட விரல் சரியாகப் போகும். ஆப்பைத் திறந்து, சேனல் பகுதிக்குப் போய், "யார் பார்க்கிறீர்கள்?" என்று அது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி, பிறகு சன் டிவி என்றால் அன்றைய எபிசோடில் பாதி போய்விடும். நான் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், "நீ ஆபீஸ் போனா யாரும்மா எனக்கு இதைப் போட்டுத் தருவா?" என்றார். அதோடு அந்த யோசனையைக் கைவிட்டேன். மூன்றாவது கிரிக்கெட். நெட் வழியாக வரும் நேரலை கேபிளைவிடச் சில வினாடி பின்தங்கும். சென்னை ஆடும் இரவில் பக்கத்து வீட்டில் விசில் அடித்து முடித்த பிறகுதான் நம் வீட்டில் பந்து கிளம்பும்.

உங்கள் வீட்டில் சீரியல்காரர் யாரும் இல்லை, எல்லோரும் ஆப்பிலேயே பார்ப்பவர்கள் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அப்போது 599 பிளான் நல்ல பேரம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: 550 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் உண்மையில் ஓடுகிற ஐந்து சேனலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தி, போஜ்புரி, பஞ்சாபி எல்லாம் சேர்ந்துதான் 550.

வேகம் என்னும் மாயை

100 எம்பிபிஎஸ் நாங்கள் ஏன் போட்டோம்? மாடி அறையில் வீடியோ காலில் என் முகம் உறைந்து நின்றது, அதனால். 40இலிருந்து 100க்கு ஏற்றினோம். முகம் அப்படியேதான் உறைந்தது. பிரச்சினை பிளானில் இல்லை, மோடம் வைத்த இடத்தில். ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், தரையோடு தரையாக, இரண்டு கான்கிரீட் சுவருக்கும் ஒரு தளத்துக்கும் அந்தப்பக்கம் நான். மோடத்தை மாடிப்படித் திருப்பத்தில் ஆள் உயரத்துக்கு ஏற்றினோம். என் மேசைக்கு மட்டும் ஒரு லேன் கேபிள் இழுத்தோம். எலக்ட்ரீஷியனுக்கும் கேபிளுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு மாத நெட் பில்லைவிடக் குறைவு. வேகத்தை ஏற்றும் முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மோடத்துக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை, அறையில் நின்று ஒருமுறை வேகத்தை அளந்து பாருங்கள். பக்கத்தில் முழு வேகம், அறையில் கால்வாசி என்றால், எந்தப் பிளானுக்கு மாறினாலும் அந்த அறைக்குக் கிடைப்பது கால்வாசிதான்.

எவ்வளவு வேகம் போதும்? முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. வீடியோ காலுக்கு நான்கு இருந்தால் தாராளம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு எச்டி படம் பார்த்தாலும் 25தான். 30 எம்பிபிஎஸ் பிளான் ஒரு வீட்டுக்குப் போதும் என்று சொன்னால் பையன் சிரிக்கிறான். அவனுக்குக் கேம் இறங்கும் வேகம் முக்கியம். 50 ஜிபி கேம் 100 எம்பிபிஎஸில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் இறங்கும், 30இல் நான்கு மணி நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கச் சொன்னேன்.

"அன்லிமிடெட்" என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஃபைபர் பிளான்களில் பெரும்பாலும் மாதம் 3.3 டிபி, அதாவது 3,300 ஜிபி. எச்டி படம் மணிக்கு 3 ஜிபி தின்னும். ஒரு நாளுக்கு 110 ஜிபி என்றால் 36 மணி நேரப் படம். நாளுக்கு 24 மணி நேரம்தானே இருக்கிறது. ஆக ஃபைபரில் அந்த எல்லையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏர்ஃபைபரில் அது 1,000 ஜிபி. ஒரு நாளுக்கு 33 ஜிபி, 11 மணி நேரப் படம். இரண்டு டிவி நாள் முழுக்க நெட்டில் ஓடுகிற வீட்டுக்கு இது இடிக்கும். உங்கள் தெருவுக்கு ஃபைபர் வருமானால் ஃபைபர், வராவிட்டால்தான் ஏர்ஃபைபர்.

அப்படியானால் எந்த நிறுவனம்? நான் விசாரித்தபோது ஜியோ 399க்கு 30 எம்பிபிஎஸ், பிஎஸ்என்எல் 449, ஏர்டெல் 499க்கு 40, எல்லாம் வரிக்கு முன்னால். இவைதான் நான் பார்த்த கீழ்ப்படிப் பிளான்கள். கீழ்ப்படியைக் கடைக்காரர் தானாகக் காட்டமாட்டார், கேட்டுத்தான் வாங்க வேண்டும். மேலிருந்து கீழ் வரை வித்தியாசம் வரியோடு மாதம் 118 ரூபாய். இந்த 118க்காக நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தெருவில் ஒவ்வொரு இணைப்பும் வைத்திருக்கிற ஒரு வீட்டுக்குப் போய் ஒரே கேள்வி கேட்டேன்: "மோடத்துல சிவப்பு லைட் எரிஞ்சா ஆள் வர எத்தனை நாள் ஆகும்?" ஒரு வீட்டில் "மறுநாள்" என்றார்கள், ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஃபைபர் அறுவது அபூர்வம் ஒன்றுமில்லை. குப்பை லாரி இழுத்துவிடும், குழாய்க்குப் பள்ளம் தோண்டுவார்கள். ஒருமுறை எங்கள் லைனைக் கடித்தது அணில். அணிலுக்கு மின்கம்பியோடு மட்டும்தான் பகை என்று அதுவரை நினைத்திருந்தேன். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவளுக்கு ஒரு நாள் விடுப்பு போனால் 118 ரூபாய் எம்மாத்திரம்? மறுநாள் ஆள் வரும் இணைப்பையே எடுத்தோம். 40 எம்பிபிஎஸ், வரியோடு 589, ஆண்டுக்கு 7,066. பழைய பில்லோடு பார்த்தால் 4,200க்கு மேல் மிச்சம், வீட்டில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள், இன்ஸ்டலேஷனும் இலவசம் என்பார்கள். சொந்த வீடென்றால் கட்டலாம். நாங்கள் தில்லைநகரில் வாடகைக்கு இருந்தபோது ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டினோம். ஐந்தாம் மாதம் வீடு மாறினோம். புது தெருவில் அவர்கள் லைன் இல்லை. மீதிப் பணத்துக்காக எத்தனை புகார் எண் வாங்கினேன் என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறேன், பணம்தான் வரவில்லை. வாடகை வீட்டில் மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்கு ரசீதும் வாங்குங்கள்.

நெட்டையே வெட்டிவிட்டு போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தினம் 2 ஜிபி பிளானுக்கு 5ஜி அளவில்லாமல் கொடுக்கிறார்களே? சென்னையில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் என் தம்பிக்கு அதுதான் சரி. ஒரு சிம், ஒரு லேப்டாப், வேறொன்றும் கிடையாது. குடும்பத்துக்கு ஒத்துவராது. போன் வைத்திருப்பவர் கடைக்குப் போனால் வீட்டு நெட்டும் பின்னாலேயே போய்விடும்.

ஓடிடி: ஒன்றை விட்டு ஒன்று

இதில் பெரிய ஒப்பீடு எதுவும் தேவைப்படவில்லை. மூன்றும் ஆண்டு முழுக்க இருந்தன. ஒவ்வொன்றையும் ஆண்டில் எத்தனை மாதம் திறந்தோம் என்று யோசித்தால் வெட்கமாக இருந்தது. ஹாட்ஸ்டார் (2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவோடு சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது) மார்ச் கடைசியிலிருந்து மே முடிய ஐபிஎல்லுக்கு, பிறகு பிக் பாஸுக்கு. இரண்டையும் கேபிளில் பார்க்கிறோம், அதை விட்டோம். நெட்ஃபிளிக்ஸ் காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, கோடை விடுமுறை என்று மூன்று மாதம் மட்டும், 597. அமேசான் பிரைம் சாமான் வாங்குவதற்காக நிற்கிறது. அதிலும் 2025 ஜூனிலிருந்து படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது, அதைப் போக்க மேலே காசு கேட்கிறார்கள். காசும் கட்டி விளம்பரமும் பார்ப்பதற்குத்தான் கேபிள் ஏற்கெனவே இருக்கிறதே என்றார் மாமா. தானாகப் பணம் எடுக்கும் வசதியை மூன்றிலும் நிறுத்திவிட்டோம். வேண்டும்போது கையால் கட்டுகிறோம். பாதிச் சிக்கனம் அந்தச் சோம்பலிலேயே வந்துவிடுகிறது.

சிம்முக்குள் போகும் பணம்

இங்கேதான் உண்மையான வேட்டை. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றியபோது எல்லோரும் புலம்பினோம், பிறகு அதே பிளானைப் போட்டுக்கொண்டே இருந்தோம். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த இன்னொன்று பலர் காதுக்கு எட்டவில்லை. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் கொடுக்கும் பிளான் கட்டாயம் வைத்தே ஆகவேண்டும், அது 365 நாள் வரை இருக்கலாம் என்று டிராய் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் அவை வந்தன. 1,849 ரூபாய்க்கு ஆண்டு முழுவதும் பேச்சு. ஆப்பைத் திறந்தவுடன் கண்ணில் படாது, கீழே கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். டேட்டா இல்லாத பிளானைக் கடைத்தெருவில் கூவி விற்பார்களா?

அத்தைக்கு அதைப் போட்டேன். வாட்ஸ்அப் வீட்டு வைஃபையில் ஓடும், வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வந்துவிடும். 4,537 போய் 1,849. அவருக்கு மாற்றமே தெரியாது. 28 நாளுக்கு ஒருமுறை "ரீசார்ஜ் முடிஞ்சிருச்சுன்னு ஒரு பொண்ணு பேசுது" என்று சொல்வது நின்றதுதான் ஒரே வித்தியாசம்.

மாமாவுக்கும் அதையே போட்டு மாட்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் சாலை ரோட்டில் காய்கறி வாங்கிவிட்டு ஜிபே திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. நெட் இல்லை. கடைக்காரர் தெரிந்தவர், "நாளைக்குக் கொடுங்கய்யா" என்று விட்டுவிட்டார். மாமா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, பையை மட்டும் கொஞ்சம் வேகமாக வைத்தார். காசு கொடுக்கப் போனை நீட்டுபவருக்குப் பேச்சு மட்டும் பிளான் உதவாது. அதற்காக தினம் 2 ஜிபியும் தேவையில்லை, ஒரு ஜிபே கட்டணத்துக்கு ஆகும் டேட்டா சுண்டைக்காய். ஆண்டு முழுவதுக்கும் சேர்த்து 30 ஜிபி கொடுக்கும் பிளான் 2,249க்கு இருந்தது, அதற்கு மாற்றினேன். மாதம் 2.5 ஜிபி. காய்கறிக் கடை, பெட்ரோல் பங்க், நாச்சியார் கோயில் வாசல் பூக்கடை எல்லாவற்றுக்கும் தாராளம். அவசரப்பட்டுப் போட்ட 1,849 வீணாகவில்லை. அதைப் பையன் சிம்முக்கு நகர்த்தலாமா என்று கேட்டுப் பார்த்தேன், ஒரு எண்ணில் போட்டது இன்னொரு எண்ணுக்கு மாறாது என்றார்கள். நாங்கள் தப்பித்தது, மாமாவிடம் இரண்டு சிம் இருந்ததால். ஒன்றில் பேச்சு, ஒன்றில் டேட்டா என்று இந்த ஆண்டு ஓடுகிறது. அடுத்த ஆண்டிலிருந்து 2,249 மட்டும்.

பையனுக்கும் 1,849தான். பள்ளிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. டியூஷனில் போன் எதற்கு? மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். நானும் கணவரும் வெளியே அலைபவர்கள், எங்கள் இருவருக்கும் பழைய 349 அப்படியே. 28 நாள் தொல்லை பிடிக்காதவர்களுக்கு, 30 நாள் பிளான் ஒன்றும் மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022இலேயே டிராய் சொல்லிவிட்டது. ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இன்னொரு சின்ன லாபம் மோடத்தின் முதுகிலேயே இருந்தது. ஃபைபர் இணைப்போடு ஒரு லேண்ட்லைன் எண்ணும் சேர்த்தே தருகிறார்கள், இந்தியா முழுக்கப் பேச்சு இலவசம். பரணிலிருந்த பழைய டப்பா போனை இறக்கி மாட்டினோம். அத்தை இப்போது கும்பகோணத்தில் இருக்கும் தன் அக்காவோடு காது சுடாமல் ஒரு மணி நேரம் பேசுகிறார். கரன்ட் போனால் மட்டும் இது ஊமை. மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினால் தீரும். இன்னும் வாங்கவில்லை.

மாமாவின் இரட்டைச் சிம் கூத்தைத் தள்ளிவிட்டால் இப்போதைய கணக்கு இது. கேபிள் 3,000, நெட் 7,066, ஓடிடி 2,096, போன் 15,021. மொத்தம் 27,183. முன்பு 45,985. மிச்சம் 18,802. இந்த 18,802இல் கேபிள் தந்தது பூஜ்யம்; போன் மட்டும் 7,664. கணவரிடம் தாளைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அப்போ கேபிளை எடுக்க வேண்டாங்கறியா?" என்றார்.

ஐந்தாம் தேதி கேபிள்காரர் வழக்கம்போல வந்தார். 250ஐ வாங்கிக்கொண்டு, "அக்கா, நெட்டும் நம்மகிட்டயே போட்டுக்கலாமே, குறைச்சுத் தர்றேன்" என்றார். எங்கள் தெருவில் லைன் அறுந்தால் ஏணியோடு முதலில் வருபவர் அவர்தான், அதனால் அதை மறுப்பதற்கும் இல்லை. எத்தனை எம்பிபிஎஸ், வரியோடு எவ்வளவு, எல்லை எத்தனை ஜிபி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதைய நெட்டுக்கு நாங்கள் கட்டிய ஆறு மாதக் கெடு தை மாதம் முடிகிறது.